கோதிக் வேற்றுமைகளைப் பண்டைக் கிரேக்கத்தோடு ஒப்பிடுவது எப்படி?

ஹட்டனிலோ பதுளையிலோ பாடசாலையில் எட்டு வேற்றுமைகளையும் பொருளோடு படித்த ஒருவருக்கு, இந்த ஒப்பீட்டுக்கு வேண்டிய முதற்கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோதிக்கில் எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி, 4ஆம் நூற்றாண்டில் கோத் மக்களின் ஆயரான வுல்ஃபிலா கிரேக்கத்திலிருந்து பெயர்த்ததாகக் கொள்ளப்படும் விவிலியமே. அது மூலத்தின் சொல்வரிசையை நெருங்கிப் பின்பற்றுவதால், இரண்டும் ஒத்துப்போகும் இடங்களை நம்பாமல், வேறுபடும் இடங்களையே சான்றாகக் கொள்ளுங்கள்.

விளியை விட்டால் இரு மொழிகளிலும் வேற்றுமைகள் நான்கே. அவை நம் முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகளுக்குப் பெரும்பாலும் நிகரானவை. ஆகவே பெயர்களைப் பொருத்துவதை விடுத்து, எஞ்சிய மூன்றின் பொருள்கள் எங்கே போயின என்று தேடுங்கள். "கத்தியால் கவ்வாத்து வெட்டினார்", "லயத்தில் இருந்தார்" என்பவற்றின் மூன்றாம், ஏழாம் வேற்றுமைப் பொருள்களை இரு மொழிகளும் பொதுவாக நான்காம் வேற்றுமையிடமே ஒப்படைத்தன. ஐந்தாம் வேற்றுமையில்தான் வழி பிரிகிறது: கிரேக்கம் அதை ஆறாம் வேற்றுமையோடும், கோதிக் நான்காம் வேற்றுமையோடும் சேர்த்துக்கொண்டது.

இதைச் சோதிக்க, வீட்டிலுள்ள தமிழ் விவிலியத்தில் மாற்கு 9:9ஐ எடுங்கள். சீடர்கள் மலையிலிருந்து இறங்கும் இடம் அது. "மலையிலிருந்து" என்பதற்குக் கிரேக்கம் "அப்போ தூ ஓரூஸ்" என ஆறாம் வேற்றுமையையும், கோதிக் "அஃப் தம்ம ஃபெர்குன்ய" என நான்காம் வேற்றுமையையும் இடுகின்றன. அதே வசனத்தில் "அவர்கள் இறங்குகையில்" என்னும் தொடர் முழுவதும் கிரேக்கத்தில் ஆறாம் வேற்றுமையில் நிற்க, கோதிக்கில் "அத்கங்கந்தம் இம்" என்று நான்காம் வேற்றுமைக்கு மாறிவிடுகிறது. வரிக்கு வரி மூலத்தைத் தொடரும் பெயர்ப்பாளர் இங்கே மட்டும் விலகுவது, அவருடைய தாய்மொழி இலக்கணத்தின் உறுதியை அழகாகக் காட்டுகிறது.

நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கலோடு ஒப்பையும் பொருளாகச் சொல்கிறது அல்லவா? மாற்கு 1:7இல் "என்னிலும் வல்லவர்" என்னும் இடத்தையும் பாருங்கள்: கிரேக்கத்தில் "மூ" ஆறாம் வேற்றுமை, கோதிக்கில் "மிஸ்" நான்காம் வேற்றுமை. நம் இலக்கணம் ஒன்றாக வைத்த இரு பொருள்களும் அங்கும் ஒன்றாகவே இடம்பெயர்ந்துள்ளன.

வினைச்சொற்களின் தனிப் பழக்கங்களை மட்டும் வேறாகக் குறித்துவையுங்கள். "அவரைத் தொட்டார்" என்பதில் தமிழ் இரண்டாம் வேற்றுமையையும், கிரேக்கம் ஆறாம் வேற்றுமையையும், கோதிக் நான்காம் வேற்றுமையையும் ஏற்கின்றன. இதை நீங்கற்பொருளின் கணக்கில் சேர்த்தால் அட்டவணை குழம்பிவிடும்.