படித்துக்கொண்டே வேலை: சேலத்துப் பிள்ளைகள் முதலில் காலண்டரைப் பாருங்கள்

சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையும் கல்லூரி டைம்டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே பகுதி நேர வேலை பெரும்பாலும் சீசனை ஒட்டித்தான் வருகிறது.

துணிக்கடைகளில் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் கூடுதலாக ஆள் எடுப்பார்கள். ஆடி பரவாயில்லை, செமஸ்டர் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். தீபாவளிதான் வம்பு. கூட்டம் ராத்திரி வரை குறையாது, லீவு கேட்டால் கிடைக்காது, எல்லாம் முடிந்து மூச்சு விடுவதற்குள் செமஸ்டர் தேர்வு வந்து நிற்கும். அதனால் சேரும் அன்றைக்கே, "அண்ணா, இந்தத் தேதியில் இன்டர்னல், இந்தத் தேதியில் செமஸ்டர், அப்போது வர மாட்டேன்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் கேட்டரிங்தான் தோது. முகூர்த்த நாளில் மட்டும் போனால் போதும், சாப்பாடும் ஆச்சு. கூலி அன்றைக்கே வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, அந்த மாதச் செலவுக்கு முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டும். வார நாள் முகூர்த்தம் என்றால் முந்தின நாள் ரிசப்ஷனுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். மண்டபத்திலேயே படுத்து, விடியற்காலை டிபனுக்கும் பரிமாறிவிட்டுப் போனால் முதல் பீரியடில் கண் சொருகும்.

ஏற்காட்டில் சனி, ஞாயிறு ஓட்டல் வேலை கிடைக்கும். ஆனால் ஞாயிறு சாயங்காலம் சுற்றுலா வந்த மொத்தக் கூட்டமும் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறங்கும், திங்கள் வகுப்பு அம்போ. அதைவிட, தேர்வு முடிந்த பிறகு மே மாதக் கோடை விழா சமயத்தில் மேலேயே தங்கிச் சம்பாதிக்கலாம்.

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அபராதம் கட்ட வேண்டிவரும், ரொம்பக் குறைந்தால் தேர்வே எழுத விட மாட்டார்கள். வேலைக்காக லீவு போடாதீர்கள், காய்ச்சலுக்கு வேண்டும் அது. அப்புறம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் உண்டு. கல்லூரி வழியாக உடனே விண்ணப்பியுங்கள், அந்தப் பணத்துக்கு இரண்டு நாள் வேலையைக் குறைத்துக்கொண்டு நண்பர்களோடு தட்டுவடை செட் சாப்பிடப் போகலாமே!

கடை மூடும் நேரத்துக்கு அப்புறம் உங்கள் ஊர்ப் பக்கம் பஸ் உண்டா என்பதையும் சேருவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். தினமும் ஆட்டோவுக்குக் கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது.