புது ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுக்கு வெப்சைட் போடணுமா, டூல் எடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

நாங்க ராயக்கோட்டை பக்கம் மூணு பேர் சேந்து தக்காளி மண்டிக்கு பட்டியல் போடுற சின்ன சாப்ட்வேர் ஒன்னு எழுதிட்டு இருக்கோம், பெட்டி எத்தன, எடை, கமிஷன், இறக்கு கூலி எல்லாம் அடிச்சா விவசாயி கையில குடுக்குற சீட்டு வந்துடும், முழுக்க ஓப்பன் சோர்ஸ். இதுக்கு வெப்சைட் போட்டப்ப கத்துக்கிட்டத எழுதுறேன்.

டூல் பாக்க எவ்ளோ அழகா இருக்குங்கறத அப்புறம் பாத்துக்கலாம். உங்களத் தவிர இன்னொருத்தர் அதுல ஒரு வரிய திருத்தணும்னா எவ்ளோ நேரம் ஆகும், அத மொதல்ல பாருங்க.

இது பட்டு தெரிஞ்சுக்கிட்டது. ஆரம்பத்துல வேர்ட்பிரஸ்ல தான் போட்டோம், பாஸ்வேர்ட் ஒரே ஆள்கிட்ட, அவரு பெங்களூருக்கு வேலைக்கு போய்ட்டாரு, ஆறு மாசம் ப்ளகின் (கூடுதல் வசதிக்கு சேக்குற குட்டி சாப்ட்வேர்) ஒன்னும் அப்டேட் ஆகல, ஒரு நாள் தொறந்தா டவுன்லோட் பக்கத்துக்கு கீழ சூதாட்ட விளம்பரம் லிங்க் வரிசையா நிக்குது. நம்பி டவுன்லோட் பண்ண வர்றவங்க கண்ணுல அது பட்டுருக்கும்னு நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. வேர்ட்பிரஸ் மோசம்னு சொல்லல, 2003லருந்து இருக்கு, அதுவும் ஓப்பன் சோர்ஸ் தான், கோடிங் தெரியாதவங்க தினமும் செய்தி போடணும்னா அது தான் வசதி. ஆனா பிஹெச்பி (வேர்ட்பிரஸ் ஓடுற கோடிங் மொழி), டேட்டாபேஸ், ப்ளகின் மூணையும் யாராவது விடாம பாத்துக்கணும். டவுன்லோட், இன்ஸ்டால் பண்ற விதம், கேள்வி பதில், இவ்ளோ தான் உங்க சைட்டுன்னா ஸ்டாட்டிக் சைட் (டேட்டாபேஸ் இல்லாம, முன்னாடியே செஞ்சு வச்ச பக்கங்க) போதும். அதுலயும் மூணு பக்கத்துக்கு மேல இல்லன்னா கோடோட சேத்து வைக்கிற ரீட்மிங்கற விளக்க ஃபைலே போதும், சைட்டே வேணாம்.

ஸ்டாட்டிக் சைட் செய்யற டூல்ல எது? உங்க டீம்ல ஏற்கனவே என்ன கோடிங் மொழி புழங்குதோ அதுல எடுங்க. ஜெக்கில் 2008ல வந்தது, ரூபில எழுதினது, விண்டோஸ்ல ரூபி ஏத்துறது கொஞ்சம் தலவலி, ஆனா கிட்ஹப் பேஜஸ் (கோட் வைக்கிற கிட்ஹப் தளத்துலயே சைட்டும் வைக்கிற வசதி) தானாவே ஜெக்கில பில்ட் பண்ணிடும், உங்க கம்ப்யூட்டர்ல ஒன்னுமே ஏத்த வேணாம். ஹ்யூகோ ஒரே ஒரு ஃபைல், எறக்கி வச்சா ஓடும், ரொம்ப வேகம், ஆனா அதோட டெம்ப்ளேட் எழுத்து பழக நாளாகும். டாக்குசாரஸ், ரியாக்ட்ங்கற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி தெரிஞ்சவங்களுக்கு. நாங்க பைத்தான்ங்கறதால எம்கேடாக்ஸ் எடுத்தோம்.

தமிழ்ல எழுதுறவங்க இதுல ஒன்னு கவனிக்கணும். எம்கேடாக்ஸ்ல தமிழ் தலைப்பு வச்சா அந்த தலைப்போட லிங்க்ல ஆங்கில எழுத்து அல்லாத எல்லாத்தயும் அது தூக்கிடும், "கமிஷன் மாத்துறது எப்படி"ங்கற தலைப்புக்கு வெறும் அண்டர்ஸ்கோர் 3னு தான் லிங்க் வரும். மேல புதுசா ஒரு தலைப்பு சேத்தா அது 4 ஆயிடும், நீங்க வாட்ஸப்ல அனுப்பின பழைய லிங்க் வேற எடத்துக்கு போகும். கான்ஃபிக் ஃபைல்ல toc எக்ஸ்டென்ஷனுக்கு (தலைப்பு லிங்க் செய்யறது அது தான்) யூனிகோட் ஸ்லக்கிஃபைங்கற செட்டிங் போட்டா நம்பருக்கு பதிலா தமிழ் எழுத்துலயே லிங்க் வரும், சரியாயிடும். மொத நாளே போட்டுடுங்க.

ஹோஸ்டிங்குக்கு கிட்ஹப் பேஜஸ், கிட்லேப் பேஜஸ் ரெண்டும் காசு இல்லாம கெடைக்குது. கிட்ஹப்ல சைட் 1 ஜிபிக்குள்ள இருக்கணும், அதனால செட்டப் ஃபைல சைட்ல வைக்காம கிட்ஹப்போட ரிலீசஸ் பக்கத்துல போடுங்க. சைட் ஏறிடுச்சு ஆனா கலர் டிசைன் ஒன்னும் வரலன்னா பயப்படாதீங்க, முகவரிக்கு பின்னாடி ப்ராஜெக்ட் பேரும் சேந்து வர்றதால தான் அப்படி, பேஸ் யூஆர்எல் செட்டிங்க சரி பண்ணா வந்துடும்.

தீம் விஷயத்துல, அந்த தீமுக்கு மட்டுமே புரியற ஷார்ட்கோட் (சுருக்கக் குறி) எதையும் உள்ள எழுதாதீங்க, சாதா மார்க்டவுனா (#, * மாதிரி குறி போட்டு எழுதுற எளிய முறை) வச்சிருந்தா நாளைக்கு டூல மாத்துனாலும் எழுதுனது அப்படியே கூட வரும். டூலோட வெர்ஷன் நம்பரையும் ஒரு ஃபைல்ல எழுதி பூட்டி வச்சிடுங்க.

முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு சோதன. எங்க சாப்ட்வேர பயன்படுத்துற மண்டி கணக்குப்பிள்ள ஒருத்தர் இருக்காரு, கோடிங் தெரியாது. ஒரு பக்கத்துல "எறக்கு கூலி"ன்னு தப்பா இருந்தத காட்டி, நீங்களே திருத்துங்கண்ணான்னு போன குடுத்தோம். பக்கத்துக்கு மேல இருக்கற பென்சில தொட்டாரு, கிட்ஹப்ல அக்கவுண்ட் தொறந்தாரு, எழுத்த மாத்தி அனுப்பினாரு, மொத்தம் பத்து நிமிஷம், அதுல பாதி அக்கவுண்ட் தொறக்கவே போச்சு. நாங்க ஏத்துக்கிட்டதும் கொஞ்ச நேரத்துல சைட்ல மாறிடுச்சு. அதுக்கப்புறம் மாம்பழ சீசனுக்கு தனியா ஒரு பக்கம் வேணும்னு அவரே எழுதி அனுப்பிட்டாரு.