கம்ப்யூட்டர் கொதிக்கிறதா? வேலையைத் திட்டாதீர்கள், காற்று போகும் வழியைப் பாருங்கள்

என் அத்தை மகன் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். ஒரு மே மாதம் முழுக்க அவன் கம்ப்யூட்டர் பாடாய்ப் படுத்தியது. எக்ஸ்போர்ட் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போட்டுப் பத்து நிமிடம் ஆனால் போதும், பட்டென்று அணைந்துவிடும். அவனாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான்: ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து எக்ஸ்போர்ட் போடுவது. அந்த நேரத்தில் போட்டால் எப்படியோ முடிந்துவிடும். "ப்ராசஸருக்கு இவ்வளவு வேலை கொடுத்தா சூடாகத்தானே செய்யும் மச்சான், அதுவும் கத்திரி வெயில்ல" என்றான். பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்காததால் ஒரு மாதத் தூக்கம் போயிற்று.

அந்த உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் அநேகமாக அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும், வேலை கூடினால் வெப்பமும் கூடும், அதில் சந்தேகமே இல்லை. இன்டெல் கோர் ஐ9-13900கே மாதிரி ஒரு பெரிய ப்ராசஸருக்கு அடிப்படை 125 வாட், உச்சத்தில் 253 வாட் என்று இன்டெல்லே கணக்குக் கொடுத்திருக்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு நான்கை, தபால்தலையைவிடச் சின்ன இடத்துக்குள் எரிய விடுவதற்குச் சமம். ஆனால் சூடாவது வேறு, அளவுக்கு மீறிச் சூடாவது வேறு. தொட்டியில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாலும் வடிகால் சரியாக இருந்தால் தண்ணீர் ஒரு மட்டத்தில் நின்றுவிடும் அல்லவா, அதே கதைதான் இங்கேயும். ஹீட் சிங்க்கும் (ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகப் பாளம்) ஃபேனும் ஒழுங்காக இருக்கிற கம்ப்யூட்டர், நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினாலும் வெப்பம் ஏறி ஓர் இடத்தில் நிற்கும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கோளாறு வடிகாலில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் முதல் தவறு, விண்டோஸில் ஓடும் வேலைகளைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் 100% என்று பார்த்ததும் பதறிப்போய் எல்லாவற்றையும் மூடுவது. அந்த நூறு வெப்பத்தின் அளவே அல்ல. ப்ராசஸர் எவ்வளவு நேரம் சும்மா இல்லாமல் இருந்தது என்ற நேரக் கணக்குதான் அதற்கு அடிப்படை. இரண்டு மென்பொருளும் 100% காட்டலாம், ஒன்று இழுக்கும் மின்சாரம் மற்றதைவிட எக்கச்சக்கமாக இருக்கலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: எட்டு கோரில் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) ஒன்று மட்டும் டர்போவில், அதாவது தற்காலிகக் கூடுதல் வேகத்தில், பறக்கிறது, டாஸ்க் மேனேஜர் பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான் காட்டும், ஆனால் அந்த ஒரு கோர் 80 டிகிரியைத் தாண்டியிருக்கும். காரணம், வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கிறது, வோல்டேஜ் கூடினால் மின்செலவு அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு டிகிரியைப் பாருங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பத்தைக் காட்டும், ப்ராசஸருக்குக் காட்டாது. எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் மாதிரி இலவச மென்பொருள் ஒன்று போதும். பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்து "கொதிக்குது" என்று முடிவு கட்டாதீர்கள். பின்பக்கம் சூடான காற்று வந்தால் வெப்பம் வெளியேறுகிறது என்று அர்த்தம், அது நல்ல செய்தி.

அடுத்தது, 90 என்ற எண்ணைக் கண்டு மிரளுவது. 2022-ல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் 7950எக்ஸ் போன்றவை முழு வேலையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டன. இன்டெல்லின் பல ப்ராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரி. எல்லையைத் தொட்டால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்துக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸரின் தலையிலிருந்து ஹீட் சிங்க்கைக் கழற்றி ஒரு வீடியோ போட்டார்கள்: ஏஎம்டி அத்லான் புகை விட்டுக் கருகியது, பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்றைக்கு எல்லா ப்ராசஸருக்கும் அந்தப் புத்தி உண்டு. "கேம் ஆடினா ப்ராசஸர் எரிஞ்சிடும்" என்று இன்னும் சொல்பவர்கள் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இப்போது நீங்கள் இழப்பது பெரும்பாலும் வேகம்தான். லேப்டாப்பில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், பக்கத்திலேயே இருக்கும் பேட்டரி சூட்டில் சீக்கிரம் கிழடாகிவிடும்.

இதைப் படித்துவிட்டு 95-ஐக் கண்டுகொள்ளாமல் விடுவது இன்னொரு தவறு. உச்சபட்ச லேப்டாப்பும் பெரிய டெஸ்க்டாப் ப்ராசஸரும் அந்த அளவைத் தொடலாம். சாதாரண 65 வாட் டெஸ்க்டாப் ப்ராசஸர் எக்ஸ்போர்ட் போட்டதுமே 95-க்குப் போனால் ஏதோ தப்பு இருக்கிறது. என்ன தப்பு என்பதை வெப்பம் ஏறுகிற வேகமே சொல்லிவிடும், இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வேலை கொடுத்த சில நொடிகளிலேயே 40-லிருந்து 95-க்குத் தாவினால், ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் தொடர்பு சரியில்லை: இரண்டுக்கும் நடுவே தடவும், வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட் சிங்க் சரியாக உட்கார்ந்திருக்காது, அல்லது (சிரிக்காதீர்கள், நிறையப் பேர் செய்வது) புது கூலரின், அதாவது ஃபேனோடு சேர்ந்த ஹீட் சிங்க்கின், அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டியிருப்பார்கள். பத்து, இருபது நிமிடத்தில் மெதுவாக ஏறினால் தூசி, காற்றோட்டம், அறையின் சூடு, இந்த மூன்றில் ஒன்று.

அத்தை மகன் கம்ப்யூட்டரில் இரண்டும் கலந்திருந்தது. இன்டெல் பெட்டியோடு வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள், அழுத்தினால் "டக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். அதில் ஒரு கால் பூட்டவே இல்லை. ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பேஸ்ட் வறண்ட களிமண்ணாக இருந்தது. ராத்திரியில் ஏன் ஓடியது என்றால், கூலரால் அறையின் சூட்டுக்குக் கீழே எதையும் கொண்டுபோக முடியாது. அறை எட்டு டிகிரி குறைந்தால் ப்ராசஸரும் கிட்டத்தட்ட அவ்வளவே குறையும். அந்த எட்டு டிகிரிதான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. காலைப் பூட்டி, பேஸ்ட் மாற்றியதும் பட்டப்பகலிலும் 75-ஐத் தாண்டவில்லை.

பேஸ்ட் மாற்றுவதிலும் சொதப்பல்கள் உண்டு. பழையதைத் துடைக்காமல் அதன் மேலேயே புதியதை அப்புவது, தோசைக்கு எண்ணெய் விடுவது போலத் தாராளமாக விடுவது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் சாதாரண ப்ராசஸருக்குப் போதும், ஹீட் சிங்க்கின் அழுத்தமே பரப்பிவிடும். ஏஎம்4 என்ற சாக்கெட்டில் உட்காரும் பழைய ரைசன் வைத்திருப்பவர்கள் கூலரை நேராக மேலே இழுக்கவே கூடாது, காய்ந்த பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்திருக்கும், ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை லேசாக இடவலமாகத் திருகிவிட்டு எடுங்கள்.

தூசி தட்டும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும். லேப்டாப்பில் ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி ஒரு பஞ்சுப் படலமாக உட்கார்ந்திருக்கும், அதை வெளியிலிருந்து ஊதினால் பாதிதான் வரும், அடித்தட்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். மெத்தை மேல், மடியில் தலையணை மேல் வைத்து வேலை செய்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபடும், இது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் எல்லோரும் செய்கிறோம். டெஸ்க்டாப்பைக் கதவு வைத்த மேசை அறைக்குள் தள்ளுவதும் அதே ரகம், தான் விட்ட சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைப்பது அவசரத்துக்கு உதவும், ஆனால் தூசி அப்பிவிடும். அப்புறம் ஐஸ் பாக்கெட், ஃபிரிட்ஜ் என்று இறங்குபவர்களும் இருக்கிறார்கள். குளிர்ந்த பாகத்தில் ஈரம் வியர்க்கும், அதோடு கதை முடிந்தது.

"கூலிங்" செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பாதீர்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 99% ஆக்கினால் பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போ நின்று வெப்பம் நன்றாகவே குறையும், கோடைக்குத் தற்காலிகமாகச் செய்யலாம். நீங்கள் ஒன்றுமே செய்யாதபோது ஃபேன் அலறினால்தான் வேலையைச் சந்தேகிக்க வேண்டும்: அப்டேட்டா, ஆன்டிவைரஸா, பிரவுசரில் மறந்துபோன டேபா, இல்லை திருட்டு மென்பொருளோடு சேர்ந்து வந்து, உங்களுக்குத் தெரியாமல் யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டும் கிரிப்டோ மைனரா என்று.

வேலைதான் ப்ராசஸரைக் கெடுக்கும் என்பவர்களுக்கு ஒரு விஷயம். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பல கெட்டுப்போனது 2024-ல் பெரிய பிரச்சினை ஆயிற்று, இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. அவர்கள் சொன்ன காரணம் அளவு மீறிய வோல்டேஜ். அதைச் சரிசெய்ய வந்த மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ளேயே ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்களில் ஒன்று, ப்ராசஸர் சும்மா இருக்கும்போதும் சின்ன வேலை செய்யும்போதும் கூடுதல் வோல்டேஜ் கேட்டதைத் தடுப்பதற்கு. அந்த ப்ராசஸர் இருந்தால் பயாஸை (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள், திருத்தம் அதோடுதான் வரும்.

கடைசியாக ஒன்று: அணைந்தாலே சூடு என்று முடிவு கட்டுவது. எச்டபிள்யூஇன்ஃபோவில் லாக் எழுதும் வசதி இருக்கிறது, அதை ஓடவிட்டு, அணைவதற்கு முந்தைய நொடியில் எத்தனை டிகிரி இருந்தது என்று பாருங்கள். 100-ஐ ஒட்டி இருந்தால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். 65, 70-லேயே அணைந்திருந்தால் பேஸ்ட் டியூபை மூடி வைத்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்றிப் பாருங்கள், பளு ஏறும்போது தாங்காமல் கைவிடுவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.