போர்டுல 'பிரைவேட் லிமிடெட்'னு எழுதுறதுக்கு முன்னாடி

குன்னூர், ஊட்டி பக்கம் சாக்லேட், வர்க்கி, தைலம்னு கடை போடுறவங்க எடுத்தவுடனே கேக்குறது "கம்பெனியா பதிஞ்சுடலாமா?"தான். போர்டுக்கு கெத்துதான், இல்லைங்கல. ஆனா கம்பெனினு ஆயிட்டா ஒத்த ரூபா வியாபாரம் நடக்கலைனாலும் வருஷா வருஷம் ஆடிட் பண்ணியே ஆகணும், மழைக்கும் மிஸ்ட்டுக்கும் பாதி நாள் ஷட்டர் எறக்கியே கெடக்குற நம்ம ஊர்ல அந்தச் செலவ யார் தாங்குறது?

'எல்எல்பின்னா வரி கம்மி'ங்கிறது அடுத்த புரளி. எல்எல்பின்னா பார்ட்னர்ஷிப் மாதிரிதான், ஆனா தொழில் கடனுக்குப் பார்ட்னருங்க சொந்தச் சொத்து பதில் சொல்ல வேணாம். தனி ஆளா நடத்துனா உங்க ஸ்லாப் படிதான் வரி, அதாவது வருமானம் ஏற ஏற வரி சதவீதமும் ஏறும். பார்ட்னர்ஷிப்போ எல்எல்பியோ, பார்ட்னர் சம்பளம் வட்டி எல்லாம் கழிச்சு மிச்சம் நிக்கிற லாபத்துக்கு முதல் ரூபாயிலேருந்தே 30 சதவீதம், அதுக்கு மேல செஸ்ங்கிற கூடுதல் வரி. அதோட பெரிய கணக்கு நோட்டு வைக்காம, விக்கிற தொகைல 8 சதவீதம், ஜிபே பேங்க் வழியா வந்ததுக்கு 6 சதவீதம் லாபம்னு காட்டுற வசதியும் எல்எல்பிக்குக் கிடையாது.

நானும் மச்சானும் சேந்து தொடங்கினப்ப ஸ்டாம்ப் பேப்பர்ல பார்ட்னர்ஷிப் ஒப்பந்தம் (டீட்) எழுதினதோட விட்டுட்டோம், பதிவு பண்ணல. சரக்கு எடுத்தவர் பாக்கிய இழுத்தடிச்சப்பதான் வக்கீல் சொன்னாரு, பதியாத பார்ட்னர்ஷிப் பாக்கி கேட்டு கேஸ் போட முடியாதுனு. ஆனா நாம வாங்குன கடனுக்கு மட்டும் ரெண்டு பேர் வீடும் பதில் சொல்லணுமாம்!

ஜிஎஸ்டிலதான் ரொம்பப் பேர் விழுறாங்க. சரக்கு மட்டும் வித்தா வருஷத்துக்கு 40 லட்சம் வரைக்கும் பதிவு வேணாம்னு தெரிஞ்சு வச்சிருப்பாங்க. அதே கடைல நாலு டேபிள் போட்டு டீ பரிமாறினாலோ ரூம் வாடகைக்கு விட்டாலோ அது சர்வீஸ், லிமிட் 20 லட்சமா எறங்கிடும். ஊட்டில ஒரு பேரு குன்னூர்ல ஒரு பேருனு ரெண்டு கடை வச்சாலும் பான் ஒண்ணுன்னா கணக்கும் ஒண்ணுதான். டூரிஸ்ட் கடைக்கு வந்து கையில வாங்கிட்டுப் போனா பிரச்சனை இல்ல, அவரே பெங்களூர் போய் போன் போட்டு "அரை கிலோ கொரியர் பண்ணுங்க"ன்னா அது வெளிமாநில விற்பனை, எவ்வளவு கொஞ்சமா வித்தாலும் ஜிஎஸ்டி எடுத்தாகணும். கூடலூர்காரங்களுக்கு ஒரு பக்கம் கேரளா ஒரு பக்கம் கர்நாடகா, கேக்கவே வேணாம். காம்போசிஷன்ல, அதாவது சின்னக் கடைக்காரங்க விற்பனைல ஒரு சின்ன சதவீதத்த மட்டும் வரியா கட்டுற ஜிஎஸ்டி திட்டத்துல, இருக்கிறவங்க வெளிமாநிலத்துக்கு அனுப்பவே கூடாது.

என்னைக் கேட்டா பெரிய கடன் இல்லாத வரைக்கும் தனி ஆளாவே ஓட்டலாம். ஆனா அப்புறம் மாத்திக்கலாம்னு ஈஸியா சொல்லிடாதீங்க, பார்ட்னர்ஷிப்பாவோ கம்பெனியாவோ மாறுனா பான் புதுசு, ஜிஎஸ்டி நம்பர் புதுசு, பேங்க் அக்கவுன்ட்டும் புதுசு, அதனால மே சீசனுக்கு முந்தின மாசம் மட்டும் அந்த வேலைல கை வைக்காதீங்க.