நிதி திரட்டும் விருந்தைக் கல்யாணம் மாதிரி நடத்துங்கள்

சிங்கப்பூரில் நன்கொடை விருந்து என்று முடிவானதும் பலர் நேரே டிக்கெட் அச்சடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் கணக்குப் போடுங்கள். இருபது மேசை, மேசைக்குப் பத்துப் பேர், ஆக 200 பேர். சாப்பாடு ஆளுக்கு 25 வெள்ளி (டாலர்) என்று வைத்தால் 5,000, மண்டபம், மைக்செட், அலங்காரம் எல்லாம் சேர்த்து 1,500. டிக்கெட் 60 வெள்ளி என்றால் 12,000 வரும், அதில் 6,500 செலவு, அதாவது பாதிக்கு மேல் செலவுக்கே போய்விடும். இங்கே அறக்கொடை அமைப்புகளுக்கு 30/70 விதி உண்டு: ஓர் ஆண்டில் நிதி திரட்ட ஆகும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இந்த ஒரு விருந்தை வைத்தே அந்த அளவுக்குள் நிற்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 21,700 வெள்ளி திரள வேண்டும். டிக்கெட் போக மீதி 9,700 எங்கிருந்து வரும் என்று யோசிப்பதுதான் ஏற்பாட்டுக் குழுவின் உண்மையான வேலை.

அனுமதி விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வெளிநாட்டில், சொந்த ஊரில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான் பணம் என்றால், பொதுமக்களிடம் கேட்பதற்கு முன்பே அறக்கொடை ஆணையரின் அனுமதி வாங்க வேண்டும், பொதுவாக செலவு போக மிஞ்சும் நிகரத் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. காசுக்கு லக்கி டிரா சீட்டு விற்கும் யோசனை இருந்தால், அது சூதாட்டச் சட்டத்துக்குள் வருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தேதிக்கு ஆடி மாதத்தைப் பாருங்கள். கல்யாணம் இல்லாததால் மண்டபம் கிடைப்பது சுலபம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா, வார இறுதி தோறும் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும், அதோடு போட்டி வேண்டாம்.

அப்புறம், டிக்கெட்டை விற்காதீர்கள், மேசையை ஒப்படையுங்கள். இருபது பேரைப் பிடித்து "அண்ணே, இந்த மேசை உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டால் அவர் தன் தங்கச்சி குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர் என்று பத்துப் பேரை அவரே கூப்பிடுவார். வாட்ஸ்அப்பில் போஸ்டர் அனுப்புவதால் நாற்காலி நிறையாது. நேரில் போய், வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்தால்தான் வருவார்கள்.

சாப்பாட்டில் இரண்டு விஷயம் முக்கியம். தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் வருவார்கள், அதனால் ஹலால் சான்றிதழ் உள்ள கேட்டரரைப் பிடியுங்கள், சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. சமைத்து முடித்த நேரம் லேபிளில் இருக்கும், அதிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், ஆகவே 6.30-க்கு அழைத்தால் மக்கள் 7.15-க்குத்தான் உட்காருவார்கள் என்பதையும் கணக்கில் வைத்துச் சாப்பாடு வரும் நேரத்தைச் சொல்லுங்கள்.

நன்கொடை கேட்பது எப்போது? எங்கள் முதல் விருந்தில் எல்லாம் முடிந்து 9.45-க்குக் கேட்டோம். பாதி நாற்காலி காலி, எம்ஆர்டி ரயில் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த முறை பிரியாணி முடிந்து பாயசம் வருவதற்கு முன்பே கேட்டோம். பேச்சாளரை எல்லாம் விட்டுவிட்டு, எங்கள் துணைப்பாட வகுப்பில் படித்த பையனின் அம்மா மூன்று நிமிடம் மட்டும் பேசினார், மகன் முதல் தடவை கணக்கில் தேறியதை அவர் சொன்னபோது மண்டபமே அமைதியாகிவிட்டது.

அந்த நேரத்தில் ஒவ்வொரு மேசையிலும் இரண்டும் தயாராக இருக்க வேண்டும். ஒன்று, ஃபோனிலிருந்தே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்ப உதவும் பேநவ் கியூஆர் அட்டை, யாருடைய சொந்த நம்பரும் இல்லாமல் அமைப்பின் பெயரில். இன்னொன்று மொய்க் கவர். பெரியவர்கள் பலருக்கு ஃபோனில் பணம் அனுப்புவது பழக்கமில்லை, ஆனால் 51, 101 என்று ஒரு வெள்ளி நாணயத்தோடு கவர் தருவது கையோடு வந்த வழக்கம். வாசலில் மொய் நோட்டு போல ஒரு நோட்டை வைத்துப் பெயரும் தொகையும் எழுதுங்கள். ரொக்கத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அதே இரவில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், இதில் மட்டும் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் தனியாக விடாதீர்கள்.

ஒரு வாரத்துக்குள் அந்த நோட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டு, மொத்தம் எவ்வளவு வந்தது, செலவு எவ்வளவு, மீதி எந்தப் பிள்ளைகளின் வகுப்புக்குப் போகிறது என்று சொல்லுங்கள்.