பி.எஸ்ஸி உயிரியல் மாணவர்களுக்கு: ஆறு செமஸ்டருக்கும் திட்டம் போடுவது எப்படி?

விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி என எதில் சேர்ந்திருந்தாலும் முதல் வாரமே டைம்டேபிள் கைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் கல்லூரியே முடிவு செய்துவிட்டது, நமக்கு இதில் என்ன வேலை என்று தோன்றும். பாதி உண்மைதான். செல் உயிரியல், மரபியல் மாதிரியான மேஜர் பேப்பர்களில் யாரும் உங்கள் விருப்பத்தைக் கேட்கப்போவதில்லை. கேட்கிற இடங்கள் சில உண்டு. அங்கே பக்கத்து பெஞ்சுக்காரர் எடுத்ததையே நாமும் எடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் அந்த இடங்கள் எவை, அங்கே என்ன செய்வது என்று பார்ப்போம்.

படி 1: சிலபஸின் முதல் சில பக்கங்களைப் படியுங்கள்

பல்கலைக்கழக இணையதளத்தில், தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரி இணையதளத்தில், உங்கள் பேட்ச்சுக்கான சிலபஸ் பிடிஎஃப் இருக்கும். சீனியரின் பழைய நோட்டை நம்ப வேண்டாம், சிலபஸ் மாறியிருக்கலாம். பாடப்பகுதிக்கு முன்னால், எந்த செமஸ்டரில் எந்த பேப்பர், அதற்கு எத்தனை கிரெடிட் (பேப்பரின் எடையைக் காட்டும் புள்ளி) என்று ஒரு அட்டவணை இருக்கும். மொத்தம் பெரும்பாலும் 140 கிரெடிட்.

அதில் ஐந்து பகுதிகள். பார்ட் 1 மொழி, பார்ட் 2 ஆங்கிலம். பார்ட் 3-ல் மேஜர், அலைடு (மேஜருக்குத் துணையாக வரும் பாடம்), எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் பாடம்) மூன்றும் அடங்கும். எம்.எஸ்ஸி சேர்க்கையில் பெரும்பாலும் பார்க்கப்படுவது பார்ட் 3 மதிப்பெண்தான். 'அலைடுதானே, பாஸானால் போதும்' என்று அலைடு வேதியியலில் 42 வாங்குகிறவர் தன் பார்ட் 3 சராசரியைத் தானே இழுத்துக் கீழே போடுகிறார். பார்ட் 4-ல் சுற்றுச்சூழல் கல்வி, திறன் வளர்ப்பு பேப்பர்கள், என்.எம்.இ (வேறு துறையில் போய்ப் படிக்கும் பேப்பர்). பார்ட் 5-ல் என்.எஸ்.எஸ், என்.சி.சி போன்றவை. கிரெடிட் ஒன்றுதான் என்றாலும் அது விடுபட்டால் பட்டம் நிற்கும்.

படி 2: எங்கே போக ஆசை என்று பென்சிலால் எழுதுங்கள்

பென்சில் போதும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வழியும் வேறு வேறு முன்வேலை கேட்கும்.

ஐஐடி, ஐஐஎஸ்சி மாதிரி இடங்களில் மேற்படிப்பு என்றால் ஜாம் (JAM) என்ற நுழைவுத்தேர்வின் பயோடெக்னாலஜி தாள். மூன்றாம் ஆண்டு செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. பலர் தாமதமாகக் கண்டுபிடிக்கும் விஷயம் ஒன்று இதில் உண்டு: அந்தத் தாளில் உயிரியலோடு வேதியியல், இயற்பியல், கணிதமும் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் தாவரவியல், விலங்கியல் எடுத்துக் கணிதத்தை விட்டவர்களுக்கு இது சுவர் மாதிரி நிற்கும். ஐந்தாவது செமஸ்டரில் தெரிந்து பயனில்லை, இரண்டாவது செமஸ்டரில் தெரிந்தால் சமாளித்துவிடலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் பிஜி (CUET PG) நுழைவுத்தேர்வு.

ஆசிரியர் வேலை என்றால் இரண்டு ஆண்டு பி.எட். விலங்கியல், தாவரவியல்காரர்களுக்குச் சிக்கல் குறைவு. உங்கள் பட்டத்தின் பெயர் கொஞ்சம் புதுமையாக இருந்தால், அது விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ இணையானது என்று அரசாணை உண்டா என இப்போதே பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி குரூப் 1, குரூப் 2 என்றால் எந்தப் பட்டமும் சரி. அதற்குத் திட்டமிட வேண்டியது நேரத்தை மட்டும்.

படி 3: நீங்களே தேர்ந்தெடுக்கும் இடங்களைக் குறியுங்கள்

முதலாவது, பார்ட் 1 மொழி. மதிப்பெண் எளிதாக வரும் என்று இந்தி, பிரெஞ்சு பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டு இங்கே வேறு மொழி எடுத்தால், பல பல்கலைக்கழகங்களில் பார்ட் 4-ல் சிறப்புத் தமிழ் கட்டாயம். அதாவது என்.எம்.இ வாய்ப்பு போய்விடும்.

அந்த என்.எம்.இ சும்மா கிடைக்கிற வாய்ப்பு. எந்தத் துறையில் இன்டர்னல் தாராளமாகப் போடுவார்கள் என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் துறைகள் என்ன தருகின்றன என்று பாருங்கள். உயிரியல் மாணவருக்குப் பின்னாளில் அதிகம் இடிக்கும் இடம் புள்ளியியல்தான்.

அலைடைத் தேர்ந்தெடுக்க விட்டால் என் ஓட்டு வேதியியலுக்கே. கரிம வேதியியல் தெரியாமல் உயிர்வேதியியல் படிப்பது மனப்பாடம் செய்வதாகத்தான் முடியும். எலெக்டிவில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் (உயிரியலுக்கான புள்ளியியல்) பயோஇன்ஃபர்மேட்டிக்ஸும் (உயிரியல் தரவைக் கணினியில் அலசுவது) கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கல்லூரியில் இல்லாததற்கு ஸ்வயம், என்பிடெல் என்ற ஆன்லைன் வகுப்புகள். ஜனவரி, ஜூலையில் தொடங்கும். என்பிடெல்லில் படிப்பு இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கிரெடிட் வேண்டுமென்றால் சேருவதற்கு முன்பே துறையில் கேட்டுவிடுங்கள்.

படி 4: டியூட்டரைப் பார்க்கப் போங்கள்

ஒவ்வொரு வகுப்புக்கும் டியூட்டர் அல்லது மென்டர் ஒருவர் இருப்பார். வருகைப்பதிவு குறைந்தால்தான் பலரும் அவரைப் பார்க்கிறார்கள். நீங்கள் செமஸ்டர் தொடக்கத்திலேயே போங்கள். இடைவேளையில் மடக்காமல், எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. கையில் ஒரே ஒரு தாள் போதும்: ஆறு கட்டம் போட்டு, முடிந்த பேப்பர்களின் மதிப்பெண், அரியர், இனி நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்கள்.

"சார், எனக்கு எது நல்லது?" என்று கேட்டால், "எல்லாமே நல்லதுதான்பா, நல்லா படி" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மேடம், ஜாம் எழுதலாம்னு இருக்கேன். பிளஸ் டூவில் கணிதம் இல்லை. என்.எம்.இ-யில் கணிதத் துறை பேப்பர் எடுத்தால் லேப் நேரத்தோடு மோதுமா?" இதற்கு அவர் டைம்டேபிளை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் துறைத்தலைவரிடம் (எச்.ஓ.டி) அனுப்புவார். அதுவும் லாபம்தான்.

படி 5: கோடை விடுமுறையையும் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்

இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்று சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப்பில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் உண்டு. கோடைக்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் இறுதியிலேயே வாங்கிவிடுவார்கள். ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். நான்காவது படியைத் தள்ளிப்போட்டவர்கள் தங்களைத் தெரிந்த ஆசிரியர் யாரென்று அப்போதுதான் தேடுவார்கள்.

படி 6: ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் பிறகு தாளைத் திருத்துங்கள்

அரியர் விழுந்தால் அதை அடுத்த தேர்வுக் கட்டத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள். ஐந்தாவது செமஸ்டருக்குள் தீர்த்துவிடுவது கட்டாயம். ஆறாவதில் ப்ராஜெக்ட், ரெக்கார்டு நோட்டு, நுழைவுத்தேர்வு மூன்றும் ஒன்றாக வரும். அப்போது இரண்டாவது செமஸ்டர் அலைடு வேதியியலை மறுபடி படிக்க உட்கார நேரம் இருக்காது.