வெட்டுவதற்கு முன் தண்ணீர் ஊற்றுங்கள்: ஆட்டு இதயத்தை வைத்து ரத்த ஓட்டம் படிக்கும் முறை

பத்தாம் வகுப்பில் இதயத்தின் படத்தை அழகாக வரைந்து பாகம் குறிக்கும் மாணவரிடம் நிஜமான இதயம் ஒன்றைக் கொடுத்து, "இதில் பெருந்தமனி (உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) எது?" என்று கேட்டால் பெரும்பாலும் திணறிவிடுவார். படத்தில் குழாய்கள் எல்லாம் தனித்தனியாக விரிந்திருக்கும். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. நிஜத்தில் குழாய்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். உள்ளே உறைந்திருக்கும் ரத்தமும் இரண்டு பக்கமும் ஒரே கருஞ்சிவப்புதான். இந்தக் குழப்பம் தீர ஓர் ஆட்டு இதயமும் ஒன்றரை மணி நேரமும் போதும்.

ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன குந்தாரப்பள்ளி, போச்சம்பள்ளி, நல்லம்பள்ளி எல்லாம் நம் பக்கத்து ஊர்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கறிக்கடை இல்லாத பகுதி குறைவு. வெள்ளாடோ செம்மறியோ, இரண்டுக்கும் நம் இதயத்தைப் போலவே நான்கு அறைகள், நான்கு வால்வுகள். ஆட்டின் வயதைப் பொறுத்து 100 முதல் 200 கிராம் வரை எடை இருக்கும்.

கடையில் கேட்டு வாங்குவது

பாதிப் பாடம் கெட்டுப்போவது கறிக்கடையில்தான். ரத்தக்கட்டியை வெளியேற்றக் கடைக்காரர் இதயத்தை இரண்டு மூன்று இடங்களில் கீறிவிடுவார். மேலே உள்ள குழாய்களை ஒட்ட நறுக்கிவிடுவார். சமைக்க அது சரி. நமக்கு அந்தக் குழாய்கள்தான் முக்கியம். அதனால் முதல் நாளே சொல்லிவையுங்கள்: "அண்ணா, இதயத்தைக் கீறாம, மேல இருக்கிற குழாயோட மூணு விரல் நீளம் விட்டு முழுசாக் குடுங்க." நுரையீரலோடு சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. நுரையீரல் தமனி எங்கே போகிறது என்பதைக் கையாலேயே தடவிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டத்தில் போய் இதையெல்லாம் கேட்காதீர்கள். வார நாளில் நிதானமாக எடுத்துக் கொடுப்பார்கள்.

ஐந்து மாணவருக்கு ஓர் இதயம் என்று கணக்கிடுங்கள். கீறல் விழுந்தது வந்துவிடலாம் என்பதால் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தால் நாறிவிடும். ஐஸ் போட்ட டப்பாவில் கொண்டுவாருங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் தாங்கும். ஃபிரீசரில் வைத்திருந்தால் முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, மெதுவாகக் குளிர் விட வையுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். கண், மூக்கை எரிக்கும் நச்சு அது. காற்றோட்டம் குறைந்த வகுப்பறையில் அதற்கு இடமில்லை. தசையையும் விறைக்கவைத்துவிடும் என்பதால் வால்வு சோதனையும் சரிவராது.

எடுத்துவைக்க வேண்டியவை

விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு, ஒரு முனை மழுங்கிய கத்தரிக்கோல், சிறு இடுக்கி, கையுறை, 15 செ.மீ. ஸ்கேல், ஊசி நீக்கிய 10 மி.லி. சிரிஞ்சு, நீல மை, பழைய செய்தித்தாள், இரண்டு வாளி தண்ணீர். குழாய்களுக்குள் விட்டுப் பார்க்கக் கண்ணாடிக் கம்பி தேடி அலைய வேண்டாம். தென்னை ஈர்க்குச்சியின் அடிப்பக்கத்தை லேசாகத் தேய்த்து மழுக்கிக்கொண்டால் அதுவே நன்றாக வளைந்து போகும். ஷேவிங் பிளேடைக் கையில் பிடித்து அறுக்க மாணவரை விடாதீர்கள். ஈரத்தில் வழுக்கி விரலைக் கிழிக்கும். இந்த வேலைக்குக் கத்தரிக்கோலே போதும்.

கழுவுவதற்கு உப்புத் தண்ணீர்: 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி. வெறும் தண்ணீரில் வெகுநேரம் ஊறினால் செல்களுக்குள் நீர் புகுந்து தசை வெளிறி உப்பிவிடும்.

ஆட்டுக் கொழுப்பு குளிரில் இறுகிப்போகும். எனவே இதயத்தை வெளியே எடுத்து இருபது நிமிடம் வைத்த பிறகு தொடங்குங்கள்.

முன் எது, பின் எது

இந்தப் படியை அவசரப்படுத்தாதீர்கள். இடது, வலது தெரியாமல் வெட்டினால் பிறகு பார்ப்பது எல்லாமே தலைகீழாகிவிடும்.

இதயத்தைச் சுற்றி மெல்லிய உறை இருந்தால் அது பெரிகார்டியம். கத்தரியால் கீறி உரித்துவிடுங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி கையில் பிடியுங்கள். ஒரு பக்கத்தில் வெள்ளைக் கொழுப்போடு ஒரு பள்ளம் மேலிருந்து சாய்வாக இறங்குவது தெரியும். மேலே அந்தப் பள்ளத்தை ஒட்டி ஒரு குழாய் முன்பக்கமாகவே கிளம்பும். அது நுரையீரல் தமனி. இந்த இரண்டும் உங்களைப் பார்த்தபடி இருந்தால் இதயத்தின் முன்பக்கம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று பொருள். இப்போது இதயத்தின் இடப்பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். எதிரில் நிற்கும் ஆளின் இடக்கை நமக்கு எந்தப் பக்கம் என்பதை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் இரு பக்கத்தையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக எதிர்த்து நிற்பது இடது வெண்ட்ரிக்கிள், அதாவது இடது கீழறை. தொளதொளவென்று அமுங்குவது வலது. கூர்முனையும் இடது வெண்ட்ரிக்கிளைச் சேர்ந்ததே.

பள்ளத்துக் கொழுப்பைக் கத்தரி போடாமல் விரலால் வழித்தெடுங்கள். அடியில் கரோனரி தமனியின் கிளை ஓடுகிறது. மாரடைப்பு என்று நாம் கேள்விப்படுவது இந்த மெல்லிய குழாய்களில் ஏற்படும் அடைப்பைத்தான். இதயத்துக்குள் எவ்வளவு ரத்தம் இருந்தாலும், அதன் தடித்த தசைக்கு உணவும் ஆக்சிஜனும் போவது இவற்றின் வழியேதான்.

இனி மேலே உள்ள குழாய்கள். சுவர் தடித்து, வெட்டிய பிறகும் வட்டமாகவே வாய் திறந்திருப்பது தமனி. படிந்து மூடிக்கொள்வது சிரை. நுரையீரல் தமனிக்குப் பின்னால் எல்லாவற்றிலும் தடித்த சுவருடன் இருப்பது பெருந்தமனி. இரண்டையும் இணைக்கும் சிறு நார்ப்பட்டை கிடைத்தால் அறுக்காமல் வையுங்கள். குட்டி வயிற்றில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை. ரத்தம் அங்கே போகாமல் நேரே பெருந்தமனிக்குத் தாண்டிய குழாயின் மிச்சம் அது.

புத்தகப் படத்தோடு ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. மனிதப் பெருந்தமனியின் வளைவில் மூன்று கிளைகள். ஆட்டுக்கு ஒரே பெரிய கிளை கிளம்பி அதுதான் பிறகு பிரியும். உடலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும், நாம் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை என்பவை நாலு காலில் நிற்கும் ஆட்டுக்கு முன்னும் பின்னுமாக அமைந்திருக்கும். நுரையீரல் சிரைகளைத் தேடினால் இடது ஆரிக்கிளின் (மேலறையின்) மேல் ஒரே பெரிய ஓட்டை மட்டும் தெரியலாம். கடையில் சிரைகளை ஆரிக்கிளோடு சேர்த்து நறுக்கியதன் விளைவு அது. மாணவர் தவறாகப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் சோதனை

இந்த வேலையில் மாணவர் மறக்காத கட்டம் இதுதான். ஆனால் பலர் இதைச் செய்யாமலே வெட்டிவிடுகிறார்கள்.

முதலில் குழாய்கள் வழியாக உப்புத் தண்ணீரை ஊற்றி, இதயத்தை மெல்லப் பிசைந்து, ரத்தக்கட்டிகளை வெளியேற்றுங்கள். பிறகு நுரையீரல் தமனியின் வாயை இடுக்கியால் விரித்துப் பிடித்து, நேராக நிறுத்தி, சிரிஞ்சால் தண்ணீர் விடுங்கள். கீழே இறங்காமல் குழாயிலேயே நிற்கும். மேலிருந்து பார்த்தால் மூன்று சிறு பைகள் நீர் நிரம்பி ஒன்றோடொன்று முட்டி மூடியிருப்பது தெரியும். அவைதான் அரைச்சந்திர வால்வுகள். பெருந்தமனியிலும் இப்படியே செய்யுங்கள். வால்வை மூடியது தசையா நரம்பா என்று கேளுங்கள். உயிரற்ற இதயத்திலும் அது மூடிக்கொண்டது. திரும்பி வரும் நீரின் அழுத்தமே வால்வை மூடுகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

தண்ணீர் ஒழுகினால் காரணம் மூன்றில் ஒன்று: பைகளுக்கிடையே கட்டி சிக்கியிருக்கும், குழாய் வால்வை ஒட்டியே வெட்டப்பட்டிருக்கும், அல்லது இதயம் சாய்ந்திருக்கும்.

பெருந்தமனியில் வால்வுப் பைகளை ஒட்டி மேலே இரண்டு சிறு துளைகளைத் தேடுங்கள். கரோனரி தமனிகள் தொடங்கும் வாய்கள் அவை. 10 மி.லி. தண்ணீரில் சில சொட்டு நீல மை கலந்து, சிரிஞ்சு முனையை ஒரு துளையில் பொருத்தி மெதுவாக அழுத்தினால் இதயத்தின் மேற்பரப்பில் நீலக் கோடுகள் கிளை பிரிந்து ஓடும். வேகமாக அழுத்தினால் மை வெளியே பீய்ச்சிச் சட்டையெல்லாம் கறையாகும்.

வலப்பக்கம்

மேற்பெருஞ்சிரையின் வாயில் கத்தரியின் மழுங்கிய முனையை விட்டு, வலது ஆரிக்கிளின் சுவரை மட்டும் வெட்டித் திறந்து நிறுத்துங்கள். கீழே மூவிதழ் வால்வு தெரியும். வெண்ட்ரிக்கிளுக்குள் தண்ணீர் விட்டு, நுரையீரல் தமனியை விரலால் அடைத்துக்கொண்டு, வெளியிலிருந்து மெதுவாக அமுக்குங்கள். இதழ்கள் மேலெழுந்து வழியை அடைக்கும். அதன்பின் இதயத்தின் வெளி ஓரமாகவே கூர்முனையை நோக்கி வெட்டுங்கள். முன்பக்கப் பள்ளத்திலிருந்து குறைந்தது 1 செ.மீ. தள்ளியே போங்கள், அதை ஒட்டி வெட்டினால் இரண்டு வெண்ட்ரிக்கிளையும் பிரிக்கும் நடுச்சுவர் சிதையும்.

சுவரை வெடுக்கென்று விரிக்காதீர்கள். நடுச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்குக் குறுக்கே ஒரு தசைப்பட்டை போகும். சுருங்கச் சொல்லும் மின்தூண்டலை வெளிச்சுவருக்குக் கொண்டுபோகும் பாதை அதில் இருக்கிறது. வால்வு இதழ்களின் ஓரத்திலிருந்து வெள்ளை நாண்கள் இறங்கி, சுவரிலிருந்து துருத்தி நிற்கும் பாப்பில்லரி தசைகளில் முடிவதைப் பாருங்கள். ஈர்க்குச்சியால் ஒரு நாணைத் தூக்கிப் பார்த்தால் நூல் பருமன் உள்ளது எவ்வளவு உறுதி என்று தெரியும். காற்றில் குடை பின்னால் மடங்காதபடி கம்பிகள் பிடித்திருப்பதைப் போல, இதழ்கள் ஆரிக்கிள் பக்கம் புரண்டுவிடாமல் இவை இழுத்துப் பிடிக்கின்றன. அரைச்சந்திர வால்வுக்கு நாண்களே இல்லை. அதன் பை வடிவமே போதுமானது.

இடப்பக்கம்

இடது ஆரிக்கிளிலிருந்து வெளி ஓரமாகக் கூர்முனை வரை இதே போல் வெட்டுங்கள். இங்கே கத்தரி திணறும். அந்தத் திணறலே பாடம். ஈரிதழ் வால்வும் இரண்டு பருத்த பாப்பில்லரி தசைகளும் தெரியும். முன் இதழுக்குப் பின்னால் ஈர்க்குச்சியை மேல்நோக்கி விட்டால் அது பெருந்தமனியின் வாய்வழியே வெளியே வரும். ரத்தம் போகும் வழி அதுதான்.

இப்போது ஸ்கேலை எடுங்கள். வால்வுக்கும் கூர்முனைக்கும் நடுவில், பாப்பில்லரி தசை இல்லாத இடத்தில், இரு வெண்ட்ரிக்கிள் சுவரையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். இடது சுவர் வலதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கும். மனிதரில் இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது 120 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் தருகிறது. வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலேயே உள்ள நுரையீரலுக்கு அனுப்ப 25 போதும். இரண்டும் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு ஒன்றே. "இடப்பக்கம் அதிக ரத்தம் தள்ளுவதால் தடித்திருக்கிறது" என்று எழுதும் மாணவரை இங்கேயே திருத்துங்கள்: வேறுபாடு அழுத்தத்தில்தான். ஆடு இறந்த பிறகு தசை விறைத்துச் சுருங்குவதால், இடது சுவர் உயிருள்ள நிலையைவிடச் சற்றுத் தடித்துத் தெரியக்கூடும். மூன்று இதயங்களின் அளவை எடுத்துச் சராசரி காண்பது நல்லது.

முடித்த பிறகு

மேசையையும் கருவிகளையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து துடைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அதோடு கழிப்பறை ஆசிட் எதையும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கத்தரியில் பிளீச்சிங் நீர் தங்கினால் துருப் பிடிக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்.

நுரையீரலிலோ ஈரலிலோ நீர் கோத்த வெள்ளைக் கட்டிகள் இருந்தால் அவற்றை வெட்டாமல் அப்படியே ஒதுக்கிவிடுங்கள். நாடாப்புழுவின் இளம்பருவம் அதற்குள் இருக்கலாம். மிச்சத்தைத் தெருநாய்க்குப் போடும் பழக்கம் இங்கே வேண்டாம். நாயின் குடலில் அந்தப் புழு வளர்ந்து, முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிவந்து, ஆட்டுக்கும் மனிதருக்கும் தொற்றும். எல்லாவற்றையும் கிணறு, போர்வெல்லுக்குத் தள்ளி இரண்டு அடிக்குக் குறையாத குழியில் போட்டு, மண்ணை மிதித்து மூடி, மேலே பெரிய கல்லாக ஒன்றை வையுங்கள்.